கொதிக்கவிடாமல் அவித்த முட்டை

மல்டி குக்கர் என்று கடையில் விற்கிற பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு. புட்டு அவிக்கக் குழலும் நீத்துப்பெட்டியும் இருக்கிற வீட்டில் அதற்கு வேலை கிடையாது. வெங்காயமும் உள்ளியும் போட்டுவைக்கிற தட்டாகக் குசினி மூலைக்குப் போய்விடும். ஆனால் பெட்டிக்குள் வந்த சாமான்களில் முட்டைக்கு அதிகம் உதவக்கூடியது அதுதான். குக்கரின் முகப்பில் சோறு, சூப், கேக், ஆவி, சூடாக வைத்தல் என்று வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். சில வகைகளில் முட்டைப் படம் போட்ட பொத்தான்கூட உண்டு. அந்தப் படத்தை நம்பி அழுத்துவதற்கு முன், உள்ளே வெப்பநிலை என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முட்டையை உடைத்து, உள்ளே இருப்பதை அப்படியே வெந்நீரில் இறக்கி, வெள்ளைக்கரு இறுகி மஞ்சட்கரு இளகியபடி இருக்கும்போதே எடுக்கிற சமையலைப் பற்றியது இந்தக் கட்டுரை. பாசிக்குடா ஹோட்டல்களின் காலை உணவுப் பட்டியலில் அதற்குப் போச்டு எக் என்று பெயர். பொரித்த முட்டைக்குத் தாச்சியும் எண்ணெயும் துணை. அவித்த முட்டைக்கு ஓடு துணை. இதற்கு எந்தத் துணையும் கிடையாது. வெறும் தண்ணீரில் தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஐம்பது பேருக்கு இறைச்சிக் கறி வைக்கத் தயங்காத சமையற்காரர்கூட இந்த முட்டையைத் தண்ணீரில் விடும்போது கொஞ்சம் தயங்குவார்.

மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியில் வடக்கே போய் வாழைச்சேனை, காயான்கேணி, மாங்கேணி கடந்தால் பனிச்சங்கேணிப் பாலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாகரைப் பிரதேசத்தின் இந்தக் கரையில் முட்டைச் சமையலைத் தீர்மானிக்கிற இயற்கை நிலைமைகள் இரண்டு. நிலம் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடும். ஆகவே வெளியே வைத்த முட்டை வேகமாகப் பழசாகும். முன்னது குக்கரின் கதை, பின்னது முட்டையின் கதை. பின்னதுதான் பெரியது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டுக்கும் முன்பு புரதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

100 கிராம் வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 88 கிராம் தண்ணீர்தான். புரதம் 10, 11 கிராம். இந்தச் சிறு பங்கு அவ்வளவு தண்ணீரையும் பிடித்துக் கெட்டியாக நிறுத்திவிடுகிறது. பச்சை முட்டையில் ஒவ்வொரு புரத மூலக்கூறும் சுற்றிவைத்த தூண்டில் நூல்போலத் தனித்தனியே மிதந்துகொண்டிருக்கும். சூடு ஏற ஏறச் சுற்று அவிழும். அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகும்; தண்ணீர் அந்தக் கண்களுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். வெளிச்சம் அந்த வலையில் பட்டுச் சிதறுவதால் தெளிந்திருந்த திரவம் வெள்ளையாகத் தெரிகிறது. சூடு இன்னும் கூடினால் பிணைப்புகள் நெருங்கி, வலை சுருங்கி, பிடித்துவைத்திருந்த தண்ணீரை வெளியே பிழிந்துவிடும். கடிக்கச் சவசவ என்றிருக்கிற முட்டையும், கோப்பையில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கிற முட்டையும் இப்படி உண்டாகிறவை.

எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை. வெள்ளைக்கருப் புரதத்தில் சுமார் 12 வீதம் ஓவோட்ரான்ஸ்ஃபெரின். அது 61, 62 பாகையிலேயே அவிழ ஆரம்பித்துவிடும். பாதிக்குமேல் இருக்கிற ஓவல்பியூமின் 80 பாகை வரை அசையாது. ஆகவே 65 பாகையில் வெள்ளைக்கரு தளதளவென்று ஆடும்; கையில் எடுக்கக்கூடிய உறுதி 80 பாகையை நெருங்கும்போதுதான் வரும். மஞ்சட்கருவோ 65 பாகையில் தடிக்கத் தொடங்கி 70 பாகையில் இறுகிவிடுகிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. நமக்குப் பிடித்த முட்டையில் வெளிப்புறம் 80 பாகையைப் பார்த்திருக்கவேண்டும். நடுப்பகுதி 65 பாகையைத் தாண்டியிருக்கக்கூடாது. ஒரே பாத்திரத்தில், ஒரே தண்ணீரில், இரண்டு வெப்பநிலைகள். சூடு வெளியிலிருந்து உள்ளே போக நேரம் எடுக்கிறது என்ற ஒரு காரணத்தால் மட்டுமே இது சாத்தியமாகிறது. அந்த நேரம் முட்டையின் தடிப்பைப் பொறுத்தது. தடிப்பு இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பண்ணை முட்டைக்குச் சொன்ன நிமிடக் கணக்கை, அதைவிடச் சிறிய ஊர்க்கோழி முட்டைக்கு அப்படியே பாவித்தால் மஞ்சட்கரு இறுகிப்போவது இதனால்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 2025 பெப்ரவரியில் ஒரு வழியை வெளியிட்டார்கள். ஓட்டோடு இருக்கும் முட்டையை 100 பாகை நீரில் இரண்டு நிமிடம், 30 பாகை நீரில் இரண்டு நிமிடம் என்று மாறி மாறி 32 நிமிடம் வைத்தார்கள். வெள்ளைக்கரு சூட்டையும் குளிரையும் மாறி மாறிப் பார்க்க, மஞ்சட்கரு மட்டும் 67 பாகையை ஒட்டியே நின்றது. அறிவியல் என்ற வகையில் அழகான வேலை. ஆனால் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற காலையில் பதினைந்து முறை பாத்திரம் மாற்ற எந்த வீட்டிலும் ஆள் கிடையாது.

இனிக் குக்கர். 1955 டிசம்பரில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் முதல் தானியங்கி றைஸ் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கியவர் சிறு தொழிற்சாலை வைத்திருந்த யோஷிததா மினாமி. இரவும் பகலும் சோறு ஆக்கிப் பார்த்துச் சோதனை செய்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. சோறு எப்போது வெந்தது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கண்ட விடை தண்ணீரிலேயே இருந்தது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்தவுடன் வெப்பநிலை ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து மின்சாரத்தை வெட்ட ஒரு சுவிட்ச் போதும். இன்றைய சாதாரண குக்கரின் அடியில் இருப்பது 103 பாகையளவில் காந்தக் கவர்ச்சியை இழக்கிற ஒரு ஃபெரைட் துண்டு. அது இழக்கும்போது வில் தள்ளிவிட, பொத்தான் டக்கென்று மேலே எழும்பும்.

அதாவது இந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒரேயொரு கேள்விதான்: உள்ளே தண்ணீர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா? முட்டைக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. தண்ணீரில் முட்டையை விட்டுச் சோற்றுப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் முழுதும் வற்றும்வரை குக்கர் விடாது கொதிக்கவைக்கும். கொதிப்பின் குமிழிகள் வெள்ளைக்கருவை நார்நாராகக் கிழிக்கும். நிறுத்தவேண்டியவர் பக்கத்தில் நிற்கிற மனிதர்தான்.

கொதிக்கவைத்து நிறுத்திவிட்டு, ஆறிக்கொண்டிருக்கிற நீரில் முட்டையை இடுவது நல்ல வழி. ஆனால் எவ்வளவு தண்ணீர்? இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 95 பாகைக்கு இறங்கிய ஒரு லீற்றர் தண்ணீரில், 30 பாகையில் இருக்கும் 50 கிராம் முட்டைகள் நான்கை இட்டால், முட்டையும் நீரும் சமநிலைக்கு வரும்போது வெப்பநிலை 86 பாகை அளவில் நிற்கும். வெள்ளைக்கரு உறுதியாவதற்கு அது தாராளம். அதே நான்கு முட்டைகளைக் கால் லீற்றர் தண்ணீரில் இட்டால் 70 பாகைக்கு விழுந்துவிடும்; வெள்ளைக்கரு சளசள என்றே கிடக்கும். முட்டைகள் பிரிட்ஜிலிருந்து நேரே வந்தவை என்றால் 60 பாகைதான். அங்கே ஓவோட்ரான்ஸ்ஃபெரின்கூட விழிக்காது. வீட்டில் இந்த முட்டை தோற்றுப்போகும்போது வினாகிரியைக் குறைசொல்கிறவர்கள் அதிகம். தண்ணீர் போதாது என்று யோசிக்கிறவர்கள் குறைவு.

மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நினைக்கிறவருக்கு ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைப்பது உறுத்தும். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும், மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதும் மறந்துவிடவில்லை. 700 வாட் குக்கர் ஒரு லீற்றர் நீரை 30இலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக, சூடு வீணாகாவிட்டாலும், ஏழு நிமிடம் எடுக்கும். இங்கேதான் அந்த ஓட்டைத் தட்டு வருகிறது. அடியில் கால் லீற்றர் தண்ணீர் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் ஆவி வந்துவிடும்.

நீராவி மிக வலிமையான சமையற்காரர். ஒரு கிராம் நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராக மாறும்போது 2,257 யூல் மறை வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. 50 கிராம் முட்டையை 30இலிருந்து 75 பாகைக்கு உயர்த்த மூன்றரைக் கிராமுக்கும் குறைவான நீராவி போதும். ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கும் குறைவு. நெய்யோ தேங்காயெண்ணெயோ தடவிய சின்னக் கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, ஆவி நன்றாக எழும்பிய பிறகு தட்டில் வைத்து மூடினால் நான்கைந்து நிமிடத்தில் ஆகிவிடும். அலுமினியக் கிண்ணம் சூட்டை உடனே கடத்தும். ஓரம் முந்தி இறுகும். சிலிக்கோன் கிண்ணம் மெதுவாகக் கடத்துவதால் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டும். தமிழ்நாட்டில் இட்லித் தட்டின் குழிகளில் முட்டை உடைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. குழி ஆழமில்லாததால் முட்டை மெல்லியதாகப் பரவி விரைவில் வெந்துவிடும். எளிய, நல்ல யோசனை. மூடியில் சேரும் நீர்த்துளி மேலே விழுந்து முட்டையின் முகத்தைக் குழி குழியாக்கும். மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கிண்ணத்தில் ஆவிபிடித்த முட்டை போச்டு எக் ஆகுமா என்று கேட்டால், என் தீர்ப்பு இல்லை என்பதே. அடி தட்டையாக, ஓரம் கொஞ்சம் கடினமாக, கிண்ணத்தின் வடிவில் அது வருகிறது. தண்ணீரில் விட்ட முட்டையின் மெல்லிய, மடிப்புமடிப்பான வெண்மை அதில் கிடையாது. ஆனால் காலை ஆறரை மணிக்கு நாலு பேருக்கு ஒன்றாகச் செய்ய முடிகிறதே, அதற்காக மன்னித்துவிடலாம்.

'சூடாக வைத்தல்' பொத்தான் இன்னொரு வாசலைத் திறக்கிறது. பல குக்கர்களில் இந்த நிலை 60இலிருந்து 75 பாகைக்குள் நிற்கும். ஜப்பானின் வெந்நீரூற்றுகளில் ஓட்டோடு முட்டையைப் போட்டு வைத்து எடுக்கிற பழக்கம் பழையது. 65 பாகைக்குக் கிட்டிய நீரில் மணிக்கணக்கில் இருந்த முட்டையை உடைத்தால், உள்ளே மஞ்சட்கரு தடித்து, வெள்ளைக்கரு அரைகுறையாகத் தளம்பியபடி வழுக்கி விழும். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் 65 பாகை முட்டையைச் சமையல் உலகில் பேசவைத்தார். 2011இல் சேசர் வேகாவும் ரூபன் மெர்கடே-பிரியேத்தோவும் எழுதிய ஆய்வு அந்தப் பேச்சில் ஒரு திருத்தம் செய்தது: வெப்பநிலையை மட்டும் சொன்னால் போதாது, அதே வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் மஞ்சட்கருவின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. நம் குக்கரின் சூடாக வைக்கும் நிலை 62ஆ, 72ஆ என்பது பொத்தானில் எழுதியிருக்காது. சமையல் வெப்பமானி ஒன்றை நீரில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்த முட்டை விடயத்தில் நான் வாங்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான்.

அமுக்கத்தில் சமைக்கிற மல்டி குக்கர்கள் வேறு சாதி. 1679இல் டெனி பப்பான் எலும்பை மிருதுவாக்கச் செய்த அமுக்கப் பாத்திரத்தின் வழிவந்தவை. கனடாவில் ரொபர்ட் வாங் குழுவினர் 2010இல் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் பொட் இவற்றை உலகெங்கும் பரப்பியது. உயர் அமுக்கத்தில் உள்ளே 115 பாகை தாண்டும். குறைந்த அமுக்கத்திலும் 110 பாகைக்குக் கிட்டப் போகும். பருப்புக்கும் மாட்டிறைச்சிக்கும் இது வரம். 80 பாகைக்கு ஏங்குகிற முட்டைக்கு 115 பாகை எதற்கு? அமுக்கம் ஏறுகிற ஆறேழு நிமிடங்களிலேயே முட்டை பாதி வெந்திருக்கும். திரையில் ஓடுகிற நிமிடக் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவசரப்பட்டு ஆவியை ஒரேயடியாக விட்டால், முட்டைக்குள் 100 பாகையைத் தாண்டியிருந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெள்ளைக்கருவைப் பொங்கவைத்துத் துளைபோட்டுவிடும்.

நுவரெலியாவில் இருப்பவர் அமுக்கப் பொத்தானை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அங்கே பருப்பு அவிய அடம்பிடிக்கும். அதே 94 பாகை, தண்ணீரில் விட்ட முட்டைக்கு ஒரு சலுகை. கொதிக்கிற நீர்கூட அங்கே கொஞ்சம் இரக்கம் காட்டும். பனிச்சங்கேணியில் அந்தச் சலுகை இல்லை. இங்கே அடுப்பை நாம்தான் தணிக்கவேண்டும்.

மைக்ரோவேவ் வசதியும் சேர்ந்த கருவி என்றால் ஒரு எச்சரிக்கை போதும். மஞ்சட்கருவுக்குள் கொதிநிலையைத் தாண்டிச் சூடான நீர் சிறு சிறு பைகளாகத் தங்கியிருந்து, கரண்டியோ பல்லோ பட்டவுடன் வெடிக்கும். 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கக் கூட்டத்தில் இதை அளந்து காட்டினார்கள்: மைக்ரோவேவில் மறுபடி சூடாக்கிய அவித்த முட்டைகள் சில 133 டெசிபல் வரை சத்தம் போட்டன. மஞ்சட்கருவை ஊசியால் குத்திவிட்டு மூடிவைத்துச் சூடாக்கவேண்டும். அதைவிட இந்த வேலையை ஆவியிடமே விட்டுவிடுவது உத்தமம்.

இத்தனை பொத்தான்களையும் விட்டு முட்டையிடம் வருகிறேன். கோழி இட்ட அன்று வெள்ளைக்கருவில் பாதிக்குமேல் தடித்த பகுதி. ஓவோமியூசின் என்ற புரதம் அதைக் கூழாகத் திரட்டி மஞ்சட்கருவைச் சுற்றி நிறுத்தியிருக்கும். கோப்பையில் உடைத்து ஊற்றினால் மஞ்சட்கரு மேடாக நிற்கும்; வெள்ளைக்கரு அதை அணைத்தபடி குவிந்திருக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவை வழியே உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல வெளியேறுகிறது. வெள்ளைக்கருவின் பிஎச் 7.6 அளவிலிருந்து 9க்கு மேலே ஏறுகிறது. அந்தக் காரத்தன்மையில் தடித்த பகுதி தளர்ந்து நீர்த்துப்போகிறது. 30 பாகை வெப்பத்தில் இது நடக்க மாதம் தேவையில்லை, சில நாட்கள் போதும். பிரிட்ஜுக்குள் இதே மாற்றத்துக்குப் பல மடங்கு காலம் எடுக்கும்.

இந்தத் தளர்ச்சியை அளக்க 1937இல் ரேமண்ட் ஹாஃப் ஒரு முறை வகுத்தார். முட்டையை நிறுத்து, உடைத்து, தட்டையான பரப்பில் ஊற்றி, தடித்த வெள்ளைக்கருவின் உயரத்தை அளந்து ஒரு சூத்திரத்தில் போடுவது. முட்டை வணிகம் இன்றும் அவர் பெயரிலான அலகைத்தான் பாவிக்கிறது. வீட்டில் சூத்திரம் வேண்டாம். கோப்பையில் ஊற்றினால் கண்ணே அளந்துவிடும். பழைய முட்டை தண்ணீரில் மிதக்கும் என்ற சோதனையும் சரியானதே. நீர் ஆவியாகி வெளியேற உள்ளே காற்றறை பெரிதாகிறது. இந்தக் கரையில் சில கிணறுகள் உவர்ப்பு. உவர்நீரின் அடர்த்தி கூடியது என்பதால் முட்டை அங்கே கொஞ்சம் முன்னதாகவே எழும்பும். சோதிப்பதற்கு நல்ல தண்ணீரை எடுப்பது நல்லது. புது முட்டையோ கடல்நீரிலும் தாழும்.

2022, 2023 நெருக்கடியில் தீனி விலை ஏறிப் பண்ணைகள் சுருங்கியபோது, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. முதலில் அவற்றைப் பேக்கரி போன்ற இடங்களுக்கே ஒதுக்கினார்கள். அரசாங்கத்தின் காரணங்கள் வேறாக இருந்திருக்கலாம். வேதியியல் நோக்கில் அது பொருத்தமான ஏற்பாடு. கப்பலில் வந்து கிடங்கில் கிடந்த முட்டையின் வெள்ளைக்கரு கேக் மாவுக்குள் நிமிர்ந்து நிற்கவேண்டிய தேவையில்லை. வெந்நீரில் தனியே நிற்கவேண்டிய முட்டை, வளவுக்குள் கொக்கரித்துக்கொண்டு திரிகிற ஊர்க்கோழியிடமிருந்து அன்று காலை எடுத்ததாக இருந்தால், முட்டைப் பொத்தான் உள்ள எந்தக் குக்கரையும் அது தோற்கடிக்கும். ஒரு வாரம் கிடந்த முட்டையையும் வீசவேண்டாம். பிஎச் ஏறிய முட்டையில் உட்சவ்வு வெள்ளைக்கருவோடு ஒட்டிக்கொள்ளாது. ஓட்டோடு அவித்தால் சுலபமாக உரியும்.

கடையில் வாங்கிய, வயது தெரியாத முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க எழுத்தாளர் ஹரல்ட் மக்கீ சொன்ன வழியே சிறந்தது: முட்டையைக் கண் உள்ள கரண்டியில் ஊற்றி, நீர்த்த பகுதியை வடியவிட்டு, தடித்த பகுதியை மட்டும் நீரில் இறக்குவது. தேயிலை வடிகட்டியையும் பாவிக்கலாம். வடிந்துபோகிற அந்தப் பகுதிதான் நீரில் பஞ்சுபஞ்சாக மிதந்து சமையற்காரரை வெட்கப்படவைப்பது.

வினாகிரியைப் பற்றிய நம்பிக்கை பாதிதான் சரி. வெள்ளைக்கருப் புரதங்கள் மறை மின்னேற்றம் தாங்கி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னேற்றம் குறையும். அவை விரைவாக நெருங்கிப் பிணையும். உப்பும் இதே உதவியைச் செய்கிறது. தேசிக்காய்ப் புளியும் போதும். ஆனால் வெளிப்புறம் சொரசொரப்பாகும். அதிகம் விட்டால் புளிக்கும். ஒரு லீற்றருக்கு 8 கிராம் வினாகிரியும் 15 கிராம் உப்பும் என்ற அளவில் மக்கீ எழுதியிருக்கிற ஒரு தந்திரம் எனக்குப் பிடிக்கும். அமிலம் வெள்ளைக்கருவிலுள்ள இருகாபனேற்றோடு சேர்ந்து காபனீரொட்சைட்டுக் குமிழிகளை உண்டாக்குகிறது. இறுகிக்கொண்டிருக்கிற மேற்பரப்பு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு நீரின் அடர்த்தியைக் கூட்டுகிறது. அடியில் கிடந்த முட்டை மூன்று நிமிடமளவில் தானாக மேலே மிதந்து வரும். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

தண்ணீரைச் சுழற்றிவிட்டு நடுவில் முட்டையை விடுகிற வித்தைக்கும் இயற்பியல் உண்டு. சுழல்கிற நீர் அடிப்பரப்போடு உராய்ந்து வேகம் குறைவதால், அடியில் ஓட்டம் நடுவை நோக்கிப் போகிறது. கோப்பையில் தேயிலைத்தூள் நடுவில் சேர்வதும் அதனால்தான். ஆறுகள் வளைந்து வளைந்து ஓடுவதற்கான காரணத்தை ஐன்ஸ்டைன் 1926இல் இதைக்கொண்டே விளக்கினார். குக்கர் பாத்திரத்தில் மரக்கரண்டியால் சுழற்றலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான். நாலு பேர் காத்திருந்தால் இது வேலைக்காகாது.

நம்மவர்களிடம் இதைவிட நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சொதிக்குள் முட்டை உடைத்து ஊற்றுவது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், வெந்தயம் போட்டு இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பால் விட்டபின் கொதிக்கவிடாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே இருப்பார்கள். கொதித்தால் பால் திரைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தேங்காய்ப்பாலின் கொழுப்பைக் குழம்பாகப் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள் 80 பாகை தாண்டியபிறகு திரளத் தொடங்குவதே அந்தத் திரைதல். பால் திரையாமலிருக்க அடுப்பைத் தணித்த கை, தெரியாமலே முட்டைக்கு வேண்டிய சூட்டையும் அமைத்துக்கொடுத்துவிடுகிறது. புளி கடைசியில், இறக்கியபின். முட்டைக்கு அமிலத்தின் தயவு இங்கே தேவைப்படுவதில்லை; உப்பும், அசையாத தடித்த பாலும் போதும்.

மல்டி குக்கரில் இதைச் செய்யும் முறை இது. சூப் நிலையில் ஒரு லீற்றர் அளவு சொதி வைத்து, கொதி வரும் தறுவாயில் 'சூடாக வைத்தல்' நிலைக்கு மாற்றவேண்டும். குமிழி அடங்க இரண்டு நிமிடம். வெளியே வைத்துக் குளிர் போன முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கோப்பையில் உடைத்து, விளிம்பைச் சொதியோடு ஒட்டிச் சாய்த்து விடவேண்டும். மேலிருந்து ஊற்றினால் மஞ்சட்கரு உடையும். மூடி, ஐந்து நிமிடம். கிளறக்கூடாது. ஊர்க்கோழி முட்டை என்றால் நாலரை நிமிடத்தில் திறந்து பார்ப்பது நல்லது. இடியப்பம் பக்கத்தில் இருந்தால் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஓட்டமாவடி, காத்தான்குடி வீடுகளில் வட்டிலப்பம் அவிக்கிறவர்களுக்கும் இந்தத் தணிந்த சூட்டின் அருமை தெரியும். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் புரதங்களை விலக்கிவைப்பதால் அந்தக் கலவை தனி முட்டையைவிடக் கூடிய சூட்டில், ஆனால் மெதுவாக, இறுகவேண்டும். ஆவி வெறிபிடித்து அடித்தால் துளைவிழுந்து நீர்விடும். குக்கரின் ஓட்டைத் தட்டு அதற்கும் உதவும்.

இளகிய மஞ்சட்கரு எல்லாருக்கும் ஏற்றதல்ல. சல்மனெல்லா கிருமி முட்டைக்குள்ளும் இருக்கக்கூடும். 71 பாகையில் அது உடனே சாகும், 65 பாகையில் கொஞ்சநேரம் பிடிக்கும், வெறுமனே சூடான மஞ்சட்கருவில் பிழைத்துவிடும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு இன்னும் மூன்று நிமிடம் விட்டு இறுகவைத்தே கொடுக்கவேண்டும். ஓட்டில் வெடிப்புள்ள முட்டை இந்தச் சமையலுக்கு ஆகாது.

ஹோட்டல்களில் ஒரே காலையில் அறுபது எழுபது கோப்பைகளுக்கு எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், முதல்நாளே அவித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் இறுகியவுடன் ஐஸ் தண்ணீருக்குள் போகும். அத்தோடு வேகுவது நின்றுவிடும். பிறகு தண்ணீரோடேயே பிரிட்ஜில். பரிமாறும்போது 60 பாகை நீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் சூடேறும். 65 பாகையைத் தொடாததால் மஞ்சட்கரு மேலும் தடிக்காது. வீட்டில் கல்யாணத்துக்கு வந்த உறவினர் பத்துப்பேர் தங்கியிருக்கும்போது இதே வேலையைக் குக்கரின் 'சூடாக வைத்தல்' பொத்தானிடம் விடலாம். வெப்பமானி 60ஐக் காட்டும்வரை குளிர்ந்த நீர் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் இந்தக் கரையின் வெக்கையில் மேசைமேல் மறந்துவிடக்கூடாது.